எதிர்த்து ஏலம் கேட்டவன்

சியாமென்
20 செப்டம்பர் 2015

அன்புள்ள அக்காவுக்கு,

யாலிங் எழுதுவது. நானும் தேமிங்கும் இங்கே சுகம். உன் மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது? உன் அடைக்கடையில் சிப்பி உடைக்க ஓர் ஆள் வைத்துக்கொள் என்று போன வருஷமே சொன்னேன். நீ எங்கே கேட்டாய்?

போனில் பேசினால் நமக்குள் சண்டைதான் வருகிறது, இனி எதுவானாலும் எழுது என்று நீ போட்ட சட்டத்துக்கு அடங்கி எழுதுகிறேன். தபால்தலை கேட்டபோது அஞ்சலகப் பெண் சிரித்தாள். "இந்தக் காலத்துல யாருக்குக்கா கடிதாசி?" என்றாள். "ஒரு கோபக்காரிக்கு" என்றேன்.

நிலாப் பண்டிகைக்கு வர முடியாது, அக்கா. இந்த வருஷம் பண்டிகைப் பரிசுக்குப் பகடை உருட்ட என்னை எண்ணாதே. தேமிங் புதிதாக ஒரு வியாபாரத்தில் இறங்கியிருக்கிறார். இணையத்தில் கடை போடுகிறவனுக்கு ஒரு முகவரிப் பெயர் வேண்டும் அல்லவா? அந்தப் பெயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு விலை. நான்கெழுத்துப் பெயர்களை ஏலத்தில் எடுத்து வைத்து, ஏறியதும் விற்கிறார்கள். ஆங்கில எழுத்துகள்தான். ஆனால் நம்மவர்கள் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு சீனச் சொல்லின் முதலெழுத்தாகப் படிக்கிறார்கள். அதனால் நம் சொற்கள் அதிகம் தொடங்காத ஏ, இ, ஐ, ஓ, யூ கலந்த பெயருக்கு மதிப்பில்லை. 'வி' இருந்தால் சுத்தமாக இல்லை. இந்த ஊரில் டீக்கடையில்கூட இதே பேச்சு.

அவர் பகலெல்லாம் பேருந்து ஓட்டுகிறார். ஏலம் முடிகிற நேரத்தில் திரை முன்னால் யாராவது உட்கார வேண்டும். அது நான். வேறென்ன செய்ய?

உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை,
யாலிங்

*

சுவான்ஜோ
2 அக்டோபர் 2015

யாலிங்குக்கு,

அக்கா பாவ்சூ எழுதுவது. நான் நலம். புயல் மழையில் கடைக்கூரையின் ஒரு தகரம் போனது, கை வலி போகவில்லை.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தும் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இல்லாத கடைக்குப் பெயர்ப்பலகை வாங்கி அடுக்குகிறீர்கள். பக்கத்துக் கடை மீன்பந்துக்காரனிடம் கேட்டேன். "பாவ்சூ, நாலு எழுத்து கிடைச்சா எனக்கும் ஒண்ணு சொல்லு. பொண்டாட்டி பேர விட விலை போகுமாமே!" என்கிறான். அவன் மனைவி கரண்டியோடு வந்துவிட்டாள்.

பண்டிகையன்று உன் இடத்தில் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பகடை உருட்டினோம். உனக்காக நான் உருட்டியதில் நல்லதாக ஒன்றும் விழவில்லை.

தேமிங்கிடம் சொல்: அவனுடைய ஆசைக்கு அவனே உட்காரட்டும். நீ கணக்கர் வேலையை விட்டுவிட்டதாக ஊரில் பேசுகிறார்கள். நீ எழுதவில்லையே? உண்மையா?

நேரத்துக்குச் சாப்பிடு.

பாவ்சூ

*

சியாமென்
8 நவம்பர் 2015

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அங்கே உன் கையும் கடையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தகரம் மாற்றினாயா?

வேலையை விட்டது உண்மைதான். காலணிக் கம்பெனியில் வாங்கிய சம்பளத்தை இங்கே ஒரே பெயரில் பார்த்துவிட்டோம். இரண்டு பெயர்கள் வாங்கிய விலையைப்போல் ஐந்து மடங்குக்குப் போயின. தேமிங் விடவே மாட்டேன் என்கிறார்.

ஏலம் எப்படி நடக்கிறது தெரியுமா? மூன்று மணிக்கு முடியும் என்று போட்டிருப்பார்கள். ஆனால் கடைசி ஐந்து நிமிடத்துக்குள் யாராவது விலை ஏற்றினால் கடிகாரம் மறுபடி ஐந்து நிமிடத்துக்குப் போய்விடும். மறுபடி ஒருவன் ஏற்றினால் மறுபடி ஐந்து. இரண்டு பேரும் விடவில்லை என்றால் அது முடியவே முடியாது. எதிரில் இருப்பவன் முகம் தெரியாது, பெயர் தெரியாது, ஓர் எண் மட்டும் தெரியும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் அந்த நேரத்தில் கொண்டுபோய்விடுவானோ என்று இருக்கும். பால்கனிக் கதவைத் திறந்தே நாளாகிவிட்டது. துணி எல்லாம் வீட்டுக்குள்ளேயே காய்கிறது, ஒரே ஈர வாடை.

என்ன செய்வது, அவருடைய பிடிவாதம். நான் சொன்னால் கேட்கவா போகிறார்?

என்னை நினைத்துக் கவலைப்படாதே.

யாலிங்

*

சுவான்ஜோ
16 நவம்பர் 2015

யாலிங்குக்கு,

நான் நலம். தகரம் மாற்றியாகிவிட்டது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று அடையைக் கருகவிட்டேன். பெண்டாட்டியை நாற்காலியில் கட்டிப்போட்டுவிட்டு ஊர் முழுக்கப் பேருந்து ஓட்டுகிறானா அவன்? வந்தேன் என்றால் காதைத் திருகிக் கையில் கொடுப்பேன் என்று சொல். சொல்ல உனக்குப் பயமாக இருந்தால் இந்தக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வை.

உடனே பதில் போடு.

பாவ்சூ

*

சுவான்ஜோ
20 டிசம்பர் 2015

யாலிங்குக்கு,

நான் நலம். ஒரு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தேமிங் வந்தான். நீ அனுப்பவில்லை என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. கரண்டியை ஓங்கிக்கொண்டுதான் போனேன். அவன் வந்து உட்கார்ந்தான். ஒரு தட்டு வைத்தேன், தின்றான். இன்னொன்று வைத்தேன், அதையும் தின்றான். வீட்டில் சமையல் இல்லை என்று புரிந்தது.

"ஏன் தம்பி, எம்பொண்ண உக்கார வச்சே கொல்லுவியா?" என்றேன். உனக்கு நான் அம்மாவாக இருந்தவள், அப்படித்தான் வாயில் வந்தது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நானா அண்ணி? நான் ஒரே ஒரு பேரு வாங்கி, வித்து, அன்னிக்கே விட்டுட்டேன். அது ஆகஸ்ட் மாசம். அவதான் எழுந்திரிக்க மாட்டேங்கிறா. தட்டைக் கொண்டுபோய்ப் பக்கத்துல வச்சா 'மறைக்காதீங்க'ங்கிறா. நான் கூப்பிட்டது அவளுக்குக் கேக்குறதே இல்ல" என்றான். சொல்லிக்கொண்டே அழுதான். நாற்பது வயது ஆண்பிள்ளை, சாஸ் பாட்டில் பக்கத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான். வாடிக்கையாளர்கள் பார்த்தார்கள்.

மூன்று மாதமாக நான் தப்பான ஆளைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். நீ திட்டவிட்டாய்.

குளிர் வந்துவிட்டது. கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். உட்கார்ந்தே இருந்தால் கால்தான் முதலில் விறைக்கும்.

பாவ்சூ

*

சியாமென்
27 டிசம்பர் 2015

அக்காவுக்கு,

காலுறை வந்தது. சரியாக இருக்கிறது. நலம்.

ஆமாம், நான்தான். அவர் என்று எழுதினால் உன்னிடம் சொல்ல எளிதாக இருந்தது.

அந்தக் கம்பெனியில் பத்து வருஷத்துக்கு மேல் மற்றவர்களுடைய எண்களை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள்கூட யாரும் என்னைப் பார்த்து "இவள் சொன்னது சரி" என்று சொன்னதில்லை. இங்கே ஒரு பெயரைப் பார்த்ததும் அது ஏறுமா இறங்குமா என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. ஏறுகிறது, அக்கா. நிஜமாகவே ஏறுகிறது.

ஆனால் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று நினைக்காதே. வாங்கியதும் பயம் தொடங்கிவிடுகிறது. விற்றால் மறுநாள் இன்னும் ஏறுமோ என்று பயம், விற்காவிட்டால் விழுமோ என்று பயம். வாங்காமல் இருந்தால் அதுதான் பெரிய பயம். எழுந்திருக்கத்தான் நினைக்கிறேன். கால் எழுந்தாலும் கண் எழமாட்டேன் என்கிறது.

ஜனவரி கடைசியில் மூன்றெழுத்துப் பெயர் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. நல்ல எழுத்துகள். அதை எடுத்துவிட்டால் நான்கெழுத்துக் குப்பைகளை எல்லாம் விற்றுவிட்டு நிறுத்திவிடுவேன். சத்தியமாக. வீடு வாங்க வைத்திருக்கும் முன்பணத்தில் கொஞ்சம் போதும்.

தேமிங்கைத் திட்டாதே. என்னைத் திட்டு.

யாலிங்

*

சியாமென்
6 ஜனவரி 2016

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

தேமிங் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் உடல்நலம் விசாரிக்கிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் பேசலாம் என்றால் இரண்டே அறை உள்ள வீடு, எல்லாம் கேட்கும். பேருந்துப் பணிமனையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த மூன்றெழுத்துப் பெயரைப் பற்றி உங்களுக்கும் எழுதியிருப்பாள். முன்பணத்தில் கொஞ்சம் என்றுதான் எனக்கும் சொன்னாள். இரண்டு லட்சம் யுவானுக்கு மேல் போகமாட்டேன் என்று சத்தியம் செய்தாள். சொல்லிப் பார்த்துவிட்டேன், அழுது பார்த்துவிட்டேன். கம்பியைப் பிடுங்கினால் வெளியே போய் இணைய மையத்தில் உட்காருவாள்.

அதனால் ஒன்று யோசித்தேன். அவளை எதிர்த்து நான் ஏலம் கேட்கப் போகிறேன். என் பெயரில் கணக்குத் திறந்தால் கண்டுபிடித்துவிடுவாள். உங்கள் அடையாள அட்டையின் படம் வேண்டும். இரண்டு லட்சத்தைத் தாண்டினதும் அவள் விட்டுவிடுவாள். பெயர் என் தலையில் விழும். நான் பணம் கட்டமாட்டேன். கட்டிய பிணைத்தொகை போகும், அந்தக் கணக்கை மூடுவார்கள், அவ்வளவுதான். அது என் சொந்தச் சேமிப்பு, போகட்டும். வீடு தப்பிக்கும்.

தப்பாக இருந்தால் சொல்லுங்கள். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தேமிங்

*

சுவான்ஜோ
10 ஜனவரி 2016

தேமிங் தம்பிக்கு,

நலம். அட்டையின் இரு பக்கமும் படம் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். முகத்தைப் பார்த்துச் சிரிக்காதே, காய்ச்சலில் எடுத்த படம்.

இது சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு அவளுக்குத் தெரிந்தால் நம் இருவர் முகத்திலும் விழிக்கமாட்டாள். இருந்தாலும் செய். சின்ன வயதில் காய்ச்சல் மருந்தைக் கூழில் கலந்துதான் அவளுக்குக் கொடுப்பேன். இதுவும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீயும் சாப்பிடு.

பாவ்சூ

*

சியாமென்
28 ஜனவரி 2016

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். குளிர் தாங்கவில்லை. இந்த ஊரில் இப்படி ஒரு குளிரை நான் பார்த்ததில்லை. நீ அடுப்புப் பக்கத்தில் இருப்பதால் பிழைத்தாய்.

எடுத்துவிட்டேன்!

எப்படி என்று சொல்கிறேன், கேள். மத்தியானமே நிறையப் பேர் இருந்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கு வந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். முடிந்தது என்று மூச்சு விட்டேன். கடைசி நிமிடத்தில் ஒருவன் ஏற்றினான். நானும் ஏற்றினேன். அவனும் ஏற்றினான். ஒவ்வொரு தடவையும் கடிகாரம் முடியப்போகிற நேரத்தில்தான் வருவான். அதுவும் மிகக் குறைந்த படியில். பெரிதாக ஒரு தடவையும் ஏற்றமாட்டான்.

அதில்தான் அவனை அளந்துவிட்டேன். பணக்காரன் ஒரேயடியாக ஏற்றி எதிராளியைப் பயமுறுத்துவான். இப்படி நுனிவிரலில் ஏற்றுகிறவன் பயந்தவன். பயந்தவன் எந்த நேரமும் விட்டுவிடுவான். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று நானும் போனேன். இரண்டு லட்சம் எப்போது தாண்டியது என்றே தெரியவில்லை. மூன்றைத் தாண்டியபோது ஒரு கையால் அழுத்திக்கொண்டே மறு கையில் போனை எடுத்து, என்னிடம் இருந்த நான்கெழுத்துப் பெயர்கள் அத்தனையையும் ஒரு தரகனிடம் மொத்தமாகத் தள்ளினேன். "என்னக்கா, வீடு பத்திக்கிச்சா? இந்த விலைக்குத் தர்றீங்க!" என்றான். "வாங்குறியா, இல்லையா?" என்றேன்.

தேமிங் அன்று விடுப்பு. காய்ச்சல் என்று படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். நல்லவேளை, பார்க்கவில்லை.

இருட்டிய பிறகு, நான்கு லட்சத்துக்கும் கொஞ்சம் மேலே, அவன் வரவில்லை. கடிகாரம் பூஜ்யத்துக்குப் போனது. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தேமிங் வெளியே வந்தார். சட்டை எல்லாம் வியர்வை. இந்தக் குளிரில் வியர்வை என்றால் காய்ச்சல் எவ்வளவு இருந்திருக்கும் பார். "முடிஞ்சுதா?" என்றார். "முடிஞ்சுது" என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

முன்பணம் முழுக்கப் போய்விட்டது. அதைப் பற்றிக் கவலை இல்லை. இவ்வளவுக்கு ஒருவன் துரத்தி வந்தான் என்றால் பெயர் அவ்வளவு பெறும் என்றுதானே அர்த்தம்?

புத்தாண்டுக்கு வர முயல்கிறேன்.

யாலிங்

*

சியாமென்
10 ஏப்ரல் 2016

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? போன கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை. புத்தாண்டுக்கு வராத கோபமா? அம்மா அப்பா கல்லறையைச் சுத்தம் செய்யவும் நான் வரவில்லை. மன்னித்துவிடு. தேமிங் மட்டும் வந்தாரே, என்ன பேசினீர்கள்? கேட்டால், "ஒண்ணுமில்ல, புல்லு வெட்டினோம்" என்கிறார். இப்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்த்தே பேசுவதில்லை.

சந்தை விழுந்துவிட்டது. மார்ச்சிலிருந்தே இறங்குகிறது. போன வருஷம் நான்கெழுத்துக்கு அடித்துக்கொண்டவர்கள் இப்போது போனை எடுப்பதில்லை. வாடகை அதிகம் என்று நாங்களும் கீழ்த்தளத்துக்கு மாறிவிட்டோம்.

ஷென்சென் தேயிலைக் கம்பெனி ஒன்று என் மூன்றெழுத்துக்கு ஒன்றரை லட்சம் தருவதாகச் சொல்கிறது. அவர்கள் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகளாம். மே முதல் வாரத்துக்குள் பதில் வேண்டுமாம். கொடுக்கமாட்டேன்.

ஏன் தெரியுமா? அந்த ஆள் இருக்கிறான். என்னை எதிர்த்துக் கேட்டவன். சந்தையில் ஒருவனுக்கும் ஆசை இல்லாமல் போகலாம், அவனுக்குப் போயிருக்காது. நான்கு லட்சம் வரை வந்தவன் மூன்றுக்கு வாங்கமாட்டானா? அவன் எண்ணை வைத்துத் தரகர்களிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஏலத் தளத்துக்கும் எழுதினேன். இணையக் குழுக்களில் அறிவிப்புப் போட்டிருக்கிறேன். பகலெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். எங்கேயோ ஒரு வீட்டில் அவனும் இதே பெயரை நினைத்துக்கொண்டு இருப்பான் என்று தோன்றுகிறது. ஒருநாள் வருவான். அதுவரைக்கும் நான் அசையக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

யாலிங்

*

சுவான்ஜோ
15 ஏப்ரல் 2016

யாலிங்குக்கு,

நான் நலமாக இல்லை. ஜனவரியிலிருந்து தூக்கம் இல்லை. ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்த ஆள் வரமாட்டான். அப்படி ஓர் ஆளே இல்லை. அடையாள அட்டை என்னுடையது, விரல் தேமிங்குடையது. அன்று அவனுக்குக் காய்ச்சல் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு உன்னைத்தான் எதிர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். விலை ஏறினால் நீ விட்டுவிடுவாய், வீட்டுப் பணம் தப்பிக்கும் என்று நாங்கள் இருவரும் நம்பினோம். நாங்கள் குறுக்கே வராமல் இருந்திருந்தால் ஒன்றரை லட்சத்தோடு போயிருக்கும். அதற்கு மேல் நீ கொடுத்ததெல்லாம் எங்களால் கொடுத்தது.

கல்லறையில் புல் வெட்டும்போது அவன் கேட்டான், "சொல்லிடலாமா அண்ணி?" என்று. "சொன்னா அவ உடைஞ்சிடுவாடா" என்றேன் நான். உன் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது, சொல்லாததால்தான் நீ இன்னும் அந்த நாற்காலியில் இருக்கிறாய் என்று.

அவனைத் திட்டாதே என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. தேயிலைக்காரனுக்கு விற்றுவிடு. இவ்வளவுதான் சொல்வேன்.

அக்கா,
பாவ்சூ

*

சியாமென்
8 மே 2016

அக்காவுக்கு,

யாலிங் எழுதுவது. உடம்பு நலம்.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் கேட்கவில்லை, உன் கையெழுத்தை உறையில் பார்த்துவிட்டார் போலிருக்கிறது. தட்டை வைப்பார், போவார். நான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். அங்கே அந்த எண் இருக்கும். எத்தனை தடவை அந்த எண்ணைத் திட்டியிருக்கிறேன், எத்தனை தடவை அதற்காகக் காத்திருந்திருக்கிறேன். அது பத்தடி தூரத்தில், சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. இப்போதைக்குப் போகாது. மருந்தைக் கூழில் கலந்து கொடுக்கிற வயதா எனக்கு? அவருடைய சட்டைப் பையில் உன் பழைய கடிதத்தைப் பார்த்தேன், அதனால் கேட்கிறேன்.

பெயரை விற்றுவிட்டேன். தேயிலைக் கம்பெனிக்காரர்கள் நேற்று அதில் தங்கள் கடையைத் திறந்தார்கள். பச்சை நிறத்தில் ஒரு கோப்பைப் படம், அவ்வளவுதான். பழைய காலணிக் கம்பெனியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மீன் குளிர்கிடங்கில் கணக்கெழுதக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகிறேன். நான் திருந்திவிட்டேன் என்று ஊரில் சொல்லாதே. மத்தியானம் மூன்று மணி ஆனால் இன்னும் கை தானாகப் போனைத் தேடுகிறது. நேற்றுகூட ஒரு பெயருக்கு மனதுக்குள் விலை சொன்னேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியாமல் இருந்தது. விற்ற அன்று மாலை அவரிடம் கேட்டேன். இதைப் பற்றி முதல் தடவையாக வாயைத் திறந்து கேட்டேன்.

"நீங்க பணம் கட்டப்போறதில்ல. எவ்வளவு வேணாலும் ஏத்தியிருக்கலாம். நான் தோத்திருப்பேன். அப்புறம் ஏன் நடுவுல நிறுத்தினீங்க?"

அவர் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தியை வைத்தார்.

"உனக்கு ஞாபகமில்லையா?"

"என்ன?"

"கடைசியில நீ சத்தமாப் பேச ஆரம்பிச்ச. திரையப் பாத்து. 'விட்டுடுங்க ஐயா, எங்கிட்ட வேற ஒண்ணுமில்ல, தயவுசெஞ்சு விட்டுடுங்க'ன்னு. அழுதுக்கிட்டே கெஞ்சின. ஒவ்வொரு தடவை நான் அழுத்தினதும் நீ இன்னும் கெஞ்சின. சுவத்துக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டுச்சு." நறுக்கியதை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "அதுக்கு மேல என்னால அழுத்த முடியல யாலிங்."

நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை, அக்கா. கொஞ்சமும் நினைவில்லை.

எழுந்து குளியலறைக்குப் போனேன். கதவைத் தாழிட்டு, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, அதன் பிறகுதான் அழுதேன். இந்த வீட்டிலும் சுவர் மெல்லியதுதான்.

கையைப் பார்த்துக்கொள். சிப்பி உடைக்க ஆள் வை.

யாலிங்